மனச்சிதைவு நோய்: நோயாளி மட்டுமே அறியும் முதல் அறிகுறிகள்

மனச்சிதைவு நோய் எனப்படும் ஸ்கிஸோஃப்ரீனியா, ஒருவருடைய கல்வியும் தொழிலும் திருமணமும் முடிவாகின்ற பருவத்தில் வந்து சேர்வதாகும். ஆண்களிடம் பதின்பருவத்தின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரையிலும், பெண்களிடம் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியும் இது வெளிப்படுவது வழக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். நம் நாட்டில் 2015-16 ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 1.4 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சிதைவுக்கோ அதையொத்த கடும் மனநோய்க்கோ உள்ளாகின்றனர் எனக் கண்டது. அவ்வாறு நோயுற்றிருப்போரில் 10 பேருக்கு 7 பேருக்கு மேல் சிகிச்சையின்றி இருக்கின்றனர் என்பதும் அவ்வாய்விலேயே தெரிய வந்தது.

இந்நோயைப் பற்றிப் பொதுமக்கள் மனத்தில் பதிந்துள்ள படம் ஒன்று உண்டு. யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, அண்டை வீட்டார் தனக்கெதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்புவது, தொடர்பின்றிப் பேசுவது ஆகியனவே அவை. இவை உண்மையான அறிகுறிகள்தாம். ஆயினும் இவை நோயின் தொடக்கம் அல்ல; நெடுநாள் உள்ளே புகைந்துகொண்டிருந்தது வெளியே பற்றி எரியும் நேரத்துக் காட்சியே ஆகும். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெஃப்னரும் அவருடைய குழுவினரும், முதன்முறையாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 232 நோயாளிகளின் முந்தைய வாழ்வை நோயாளியிடமும் உறவினரிடமும் விரிவாகக் கேட்டறிந்தனர். அவர்களில் 73 விழுக்காட்டினருக்கு நோய் தொடங்கியது, குரல் கேட்பதாலோ பிறழ்ந்த நம்பிக்கையாலோ அன்று. சோர்வு, கவனக் குறைவு, உறக்கக் கேடு, ஊக்கமின்மை, பிறரிடமிருந்து விலகல் போன்ற எளிதில் பெயரிட முடியாத மாறுதல்களாலேயே தொடங்கிற்று. குரல் முதலிய வெளிப்படையான அறிகுறிகளோடு மட்டும் தொடங்கியவர்கள் 7 விழுக்காட்டினரே. முதல் மாறுதலுக்கும் முதல் மருத்துவமனைச் சேர்க்கைக்கும் இடையே சராசரியாக 5 ஆண்டுகளுக்குக் குறையாத காலம் கழிந்திருந்தது. பதினேழு வயதில் தொடங்கிய தொல்லைக்கு இருபத்திரண்டு வயதில் பெயர் கிடைக்கிறது என்றால், இடையில் கழிந்தவை பள்ளியிறுதித் தேர்வும் கல்லூரியும் முதல் வேலையும் ஆகும்.

உள்ளிருந்து காணும் மாறுதல்கள்

இந்த இடைக்காலத்தில் நோயாளியின் உள்ளே நிகழ்வது என்ன? ஜெர்மானிய மனநல மருத்துவர் கிளவுஸ் கான்ராட் 1958-இல் வெளியிட்ட நூலில், மனச்சிதைவின் தொடக்கத்தில் ஏற்படும் இனம்புரியாத இறுக்கத்திற்கு நாடகத் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாண்டார். நடிகன் மேடையேறுவதற்குச் சற்று முன் உணரும் பதைப்பைக் குறிக்கும் சொல் அது. ஏதோ நிகழப் போகிறது. ஆனால் எது என்று தெரியாது. மூன்றாண்டுகள் கழித்து, 1961-இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் ஆகிய இருவரும் நோயின் தொடக்க நிலையிலிருந்த 26 நோயாளிகளிடம், அவர்கள் அனுபவத்தை அவர்கள் சொற்களிலேயே கேட்டு எழுதினர். ஏறத்தாழ அதே காலத்தில் கெர்டு ஹூபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், நோயாளி தானே உணர்ந்து தானே சொல்லக்கூடிய இத்தகைய நுண்ணிய குறைபாடுகளை ‘அடிப்படை அறிகுறிகள்’ எனப் பெயரிட்டு ஆராயத் தொடங்கினார். பின்னாளில் பான் நகரில் அவரும் அவருடைய குழுவினரும் இவற்றை அளப்பதற்கென ஓர் அளவுகோலையும் வகுத்தனர்.

இவ்வறிகுறிகளுள் முதன்மையானவை எண்ண ஓட்டத்தைச் சார்ந்தவை. படித்துக்கொண்டிருக்கும் பாடத்திற்குச் சற்றும் தொடர்பில்லாத, பொருளற்ற எண்ணங்கள் இடையில் நுழைகின்றன. ஒன்று போனால் மற்றொன்று, தடுக்க முடிவதில்லை. சில வேளைகளில் எண்ணம் நடுவில் அறுந்து, தலைக்குள் வெறுமை நிலவுகிறது. எல்லோருக்கும் எப்போதாவது பேச்சினிடையே சொல் மறந்து போவதுண்டு. இங்கே குறிப்பது அதுவன்று. சொல்ல வந்த பொருளே இருந்த இடம் தெரியாமல் மறைவது.

மொழி வழியாக வரும் தொல்லை இன்னும் வியப்புக்குரியது. எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெரிந்த சொல்தான். ஆயினும் வாக்கியமாகச் சேர்ந்து பொருள் தருவதில்லை. செய்தித்தாளில் ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் பிடிபடாமல் போகிறது. இவ்வாறே, ஒரே வேளையில் இரண்டு புலன்களுக்குக் கவனம் செலுத்தும் ஆற்றலும் குன்றுகிறது. விரிவுரையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது என்பது மாணவர் எவரும் எண்ணிப் பாராமல் செய்யும் செயல். நோயின் வாசலில் நிற்பவருக்கோ கேட்டால் எழுத முடியாது. எழுதினால் கேட்க முடியாது.

புலனுணர்வும் மாறுகிறது. மின்விசிறியின் ஒலியும் தெருவில் செல்லும் வண்டியின் ஒலியும் அம்மா அழைக்கும் குரலும் ஒரே அளவு உரக்க வந்து மோதுகின்றன. எதை ஒதுக்குவது, எதைக் கேட்பது என்று மனம் தானே செய்துவந்த தேர்வு நின்றுவிடுகிறது. பழகிய முகம் சற்றே மாறித் தோன்றுகிறது. சுவரில் உள்ள ஒரு கறையோ மேசை விளிம்போ கண்ணைப் பற்றி இழுத்துக்கொண்டு விடுவதில்லை. சுற்றியுள்ள உலகம் திரைக்கு அப்பால் இருப்பது போலவும், மனிதர்கள் வேடம் தரித்து நடிப்பது போலவும் ஓர் உணர்வு படர்கிறது. நடப்பது, சட்டைப் பித்தானை மாட்டுவது போன்ற தாமாக நடைபெறும் செயல்களைக்கூட ஒவ்வோர் அசைவாக எண்ணிச் செய்ய வேண்டியதாகிறது. மெக்கீயும் சாப்மனும் கண்ட நோயாளிகள் பலர் இதனை எடுத்துரைத்துள்ளனர்.

இன்னுமொரு நுண்ணிய அனுபவமும் உண்டு. பேருந்தில் இருவர் சிரித்தால், அது தன்னைப் பற்றியதோ என்னும் ஐயம் ஒரு கணம் எழுகிறது. மறுகணமே, ‘இல்லை, அவர்களுக்கு என்னைத் தெரியாது’ என்று அவரே அதைத் தள்ளிவிடுகிறார். முதல் நிலைக்கும் முற்றிய நோய்க்கும் உள்ள எல்லைக்கோடு இங்கேதான் உள்ளது. தொடக்கத்தில், கோளாறு தன் மனத்தில் நிகழ்கிறது என்பதை நோயாளி அறிந்திருக்கிறார். நோய் முற்றியபின் அந்த அறிவு பெரும்பாலும் போய்விடுகிறது. அப்போது மாறியது தன் மனமன்று, உலகமே என அவர் நம்பத் தலைப்படுகிறார். ஆகவே, அவரிடம் கேட்டால் அவரால் தெளிவாகச் சொல்லக்கூடிய காலம் ஒன்று உண்டு. அக்காலம் என்றும் திறந்தே இருப்பதில்லை.

(மனச்சிதைவு என்பதை ஓர் உடலில் இரண்டு ஆட்கள் குடியிருக்கும் நிலை எனத் திரைப்படங்கள் பரப்பிய கருத்து இன்னும் வழக்கில் உள்ளது. சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் 1908-இல் இப்பெயரை இட்டபோது குறித்தது, எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றிடையே இருக்க வேண்டிய இசைவு சிதறுவதையே ஆகும்.)

குடும்பம் காண்பது

இவ்வளவும் உள்ளே நிகழ, வெளியே காணப்படுவது என்ன? மகன் அறையைச் சாத்திக்கொண்டிருக்கிறான். திருமண வீட்டிற்கு வர மறுக்கிறான். நண்பர் வந்தால் உறங்குவதாகச் சொல்லச் சொல்கிறான். மதிப்பெண் சரிகிறது. கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்துப் பதில் வருகிறது. வீட்டார் இதற்குச் சோம்பல், திமிர், கெட்ட சகவாசம், காதல் என்று பெயர் சூட்டுகின்றனர். பெண்ணாயின் ‘அடக்கமாகி விட்டாள்’ என்று மகிழ்வதும் உண்டு.

ஆனால் எல்லா ஒலியும் ஒரே அளவில் வந்து தாக்கும் ஒருவருக்குத் திருமணக் கூடம் எப்படிப்பட்ட இடம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்று பேர் ஒருசேரப் பேசும்போது ஒருவர் பேச்சும் விளங்காதவர், கூட்டத்தைத் தவிர்ப்பதில் வியப்பில்லை. பதில் தாமதமாவது, சொற்களைச் சேர்த்துப் பொருள் காண அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுவதால். விலகல் என்று வெளியே தோன்றுவதில் ஒரு பகுதி நோயே எனினும், மற்றொரு பகுதி நோயின் தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நோயாளி கண்ட வழியாகும். அவ்வழியைப் பறித்து, ‘நாலு பேரோடு பழகு’ என்று வற்புறுத்தி அனுப்புவது நல்லெண்ணத்தாலேயே செய்யப்படுகிறது. எனினும் அது அவர் சுமையைக் கூட்டிவிடக்கூடும்.

நோயாளி ஏன் தாமே சொல்வதில்லை என்று கேட்கலாம். சொல்லுவதற்கு ஏற்ற சொல் அன்றாட மொழியில் இல்லை என்பது முதற்காரணம். வடமாநிலங்களில் ‘மன் நஹீ லக்தா’ என்பார்கள். தமிழில் ‘மனம் ஒட்டவில்லை’ என்பார்கள். காதலில் தோற்றவரும் கடன்பட்டவரும் சொல்லும் சொல் அதுவே. தலை பாரமாக இருக்கிறது, உறக்கம் வரவில்லை என்று சொல்லி ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு வந்தால் வலி மாத்திரையோடு திரும்ப நேரிடுகிறது. ‘பைத்தியம்’ என்று பெயர் வந்துவிடுமோ என்னும் அச்சம் இரண்டாவது காரணம். தங்கை திருமணம் தடைபடுமே என்று வாய் திறவாதிருக்கும் அண்ணன்மார் இந்நாட்டில் இருக்கவே செய்கின்றனர்.

அறிகுறி என்பது தீர்ப்பன்று

இவ்வறிகுறிகள் உண்மையிலேயே பின்வரும் நோயை முன்னறிவிக்கின்றனவா என்பதைச் சோதித்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. யோவாகிம் க்ளோஸ்டர்கோட்டரும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியின் பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கு வந்த 160 பேரைச் சராசரியாக 9.6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். தொடக்கத்தில் அடிப்படை அறிகுறி ஒன்றேனும் இருந்த 110 பேரில் 77 பேருக்குப் பின்னர் மனச்சிதைவு ஏற்பட்டது. எவ்வறிகுறியும் இல்லாத 50 பேரில் இருவருக்கே ஏற்பட்டது. எண்ண ஓட்டமும் மொழியும் புலனுணர்வும் சார்ந்த அறிகுறிகளே மிகுதியும் சரியாக முன்னறிவித்தன.

இவ்வெண்களைக் கவனமின்றிப் படித்தல் தகாது. அந்த 160 பேரும் ஏற்கெனவே ஏதோ ஒரு தொல்லையால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்கள். கல்லூரி விடுதியொன்றில் புகுந்து, கவனம் சிதறுவோர் யாரெனக் கேட்டால் பாதிப்பேர் கை உயர்த்துவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வரப்போவதில்லை. மனச்சோர்வு, கடும் பதற்றம், உறக்கமின்மை, சில வகைக் காக்காய் வலிப்பு, கஞ்சா முதலிய போதைப்பொருள்கள் ஆகியவற்றாலும் இவற்றை ஒத்த அனுபவங்கள் உண்டாகும். அண்மைக் காலத்தில் பல நாடுகளின் சிறப்பு மருத்துவ நிலையங்களில் ‘அபாய நிலையில் உள்ளவர்’ என அடையாளம் காணப்பட்டோரிலும் 3 ஆண்டுகளில் கடும் மனநோய்க்கு ஆளாவோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே.

ஆகவே மருத்துவர் நோக்குவது அறிகுறி உண்டா இல்லையா என்பதை மட்டும் அன்று. அது புதிதாக வந்ததா? முன்பு இல்லாததாக அவரே உணர்கிறாரா? வாரந்தோறும் திரும்பத் திரும்ப வருகிறதா? பல மாதங்களாக நீடிக்கிறதா? போதைப்பொருள் இன்றியும் வருகிறதா? படிப்பும் வேலையும் அதனால் சரிகின்றனவா? நெருங்கிய உறவினருள் எவருக்கேனும் இந்நோய் இருந்ததா? இவற்றுக்கு விடை ‘ஆம்’ எனப் பெருகப் பெருகவே ஐயம் வலுக்கும்.

முன்னறிகுறி மட்டும் உள்ள ஒருவருக்கு உடனே மனச்சிதைவுக்குரிய மருந்தைத் தொடங்குவது பொதுவாக முறையாகாது. வராமலே போகக்கூடிய நோய்க்கு உடல் எடையைக் கூட்டவும் மந்தத்தை உண்டாக்கவும் வல்ல மருந்தைக் கொடுப்பதில் பொருளில்லை. உறக்கத்தைச் சீர்செய்தல், உடனிருக்கும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்தல், கஞ்சாவை நிறுத்தச் செய்தல், எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பயிற்றும் உளவியல் சிகிச்சை, குறித்த கால இடைவெளியில் மீண்டும் பார்த்தல் ஆகியனவே முதலிடம் பெறுகின்றன. குரல்களும் பிறழ்ந்த நம்பிக்கையும் உறுதியாகத் தோன்றியபின் மருந்து தாமதிக்கப்படலாகாது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, பின்னர்க் குணமடையும் அளவு குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நோயாளிகளிடையே தற்கொலை அபாயம் தொடக்க ஆண்டுகளிலேயே மிகுதி என்பதும் மறத்தற்கில்லை.

நம் நாட்டில் உள்ள வழிகள்

இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கப்பெற்றது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடத்தப்பட்ட சோதனையை முன்மாதிரியாகக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் துவக்கப்பட்டது. இன்று அது 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையில் 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆலோசனை பெறலாம். ஏட்டளவில் வழி திறந்தேயிருக்கிறது. ஆனால் இவை அனைத்தும், நோய் வெளிப்பட்டபின் வருவோரை வரவேற்கவே பெரிதும் அமைந்தவை. ஐந்தாண்டு முன்னதாக வரக்கூடிய பதினேழு வயது மாணவனை யார் கேட்பது என்பதற்குத் திட்டத்தில் தெளிவான விடை இல்லை.

கேட்கும் இடத்தில் உள்ளவர்கள் ஆசிரியரும், கிராமச் சுகாதாரச் செவிலியரும், ஆஷா பணியாளரும் ஆவர். ‘குரல் கேட்கிறதா?’ என்று தொடங்கினால் பதில் வராது, அச்சமே மிஞ்சும். படிக்கும்போது எண்ணம் நடுவில் நின்றுபோகிறதா, பிறர் பேசுவது முன்போல் எளிதாக விளங்குகிறதா, ஒலியோ வெளிச்சமோ முன்னைவிட மிகுதியாகத் தோன்றுகிறதா, சுற்றிலும் எல்லாம் மாறியது போல் இருக்கிறதா என்று கேட்பது வேறு. எவரும் கேட்டிராத கேள்விக்கு முதல் முறையாக விடை சொல்லும் இளைஞர், தன் அனுபவம் பிறருக்கும் நேர்வதுதான் என அறிந்தே ஓரளவு ஆறுதல் பெறுகிறார். நோயைக் கண்டறிவது பணியாளரின் வேலையன்று. சொன்னதைக் குறித்து, மாவட்ட மனநல மருத்துவரிடம் சேர்ப்பதே அவர் வேலை.

நம் மக்கள் முதலில் நாடுவது கோயிலையும் தர்காவையுமே என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உனாவா தர்காவில் ‘தவா, துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) என்னும் பெயரில், முஜாவர்களுக்குப் பயிற்சியளித்து, வழிபாட்டைத் தடுக்காமலே மருத்துவரிடமும் அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. நம்பிக்கையைப் பழித்து விரட்டுவதைவிட இது பயன்தரும் வழியாகும். திருமணம் செய்து வைத்தால் தெளிந்துவிடும் என்னும் நம்பிக்கையை மட்டும் இவ்வாறு விட்டுவைக்க இயலாது. அதன் விலையைப் பெரும்பாலும் வேறொரு குடும்பத்துப் பெண்ணோ பையனோ கொடுக்க நேர்கிறது.

நம் நாட்டுக்கு உள்ள பெருஞ்செல்வம் குடும்பமே. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையான ‘ஸ்கார்ஃப்’, கனடாவின் மான்ட்ரியால் நகர ஆய்வாளரோடு இணைந்து, முதன்முறை நோயுற்றோரை இரு நகரங்களிலும் ஒரே வகைச் சிகிச்சையளித்து 2 ஆண்டுகள் ஒப்பிட்டது. 2020-இல் வெளியான முடிவுகளின்படி, ஊக்கமின்மை, உணர்ச்சி வறட்சி போன்ற குறைகள் சென்னை நோயாளிகளிடம் கூடுதலாகத் தணிந்தன; அங்கே குடும்பத்தார் சிகிச்சையில் பெருமளவு பங்கேற்றிருந்தனர்.

பொதுமக்களுக்குத் தகவல் தருவதால் மட்டும் எவ்வளவு காலம் மிச்சமாகும் என்பதை நார்வே நாடு அளந்து காட்டியுள்ளது. அந்நாட்டின் ரோகலாண்டு மாவட்டத்தில் 1997 முதல், முன்னறிகுறிகளை விளக்கும் துண்டறிக்கைகள் வீடுதோறும் வழங்கப்பட்டன. நாளேடுகளிலும் வானொலியிலும் திரையரங்குகளிலும் விளம்பரம் செய்யப்பட்டது. ஆசிரியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. எவரும் நேரே தொலைபேசியில் அழைக்கத்தக்க குழுவொன்றும் அமைந்தது. கடும் மனநோய் வெளிப்பட்டதிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரையிலான இடைவெளியின் நடுநிலை அளவு, இத்திட்டமில்லாத பகுதிகளில் 16 வாரமாக இருந்தபோது, ரோகலாண்டில் 5 வாரமாகக் குறைந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் முன்கூட்டியே கண்டறியப்பட்ட பகுதியைச் சேர்ந்தோரில் 31 விழுக்காட்டினர் முழுமையாக மீண்டிருந்தனர். மற்றப் பகுதிகளில் அது 15 விழுக்காடே. இடையில் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. தொலைபேசிக் குழு மட்டும் முன்போலவே இயங்கியது. இடைவெளி மீண்டும் 15 வாரமாக நீண்டது.